முருகட்ராய்டு பாட்டி பேரைத் தேடி நாலு நாள்

நாள் 1, வெள்ளிக்கிழமை, ஹாலிஃபாக்ஸ்

இந்த டிரிப்புக்கு காரணம் ஒரு தப்பான லெட்டர். லீட்ஸ்ல எங்க தெருவுல பக்கத்து வீட்டு லெட்டர் எங்க கதவுல விழறதும் எங்களோடது அங்க போறதும் சகஜம், அப்படி வந்த ஒரு கவரை எடுத்துட்டு வந்த என் பையன் "அப்பா, பக்கத்து வீட்டுப் பாட்டி முருகன் பக்தையா?"ன்னு கேட்டான். வாங்கிப் பார்த்தா மிஸஸ்னு போட்டு எம் யூ ஆர் ஜி ஏ டி ஆர் ஓ ஒய் டி. நானும் முருகட்ராய்டுன்னுதான் படிச்சேன், சத்தியமா.

கொண்டு போய்க் கொடுத்தப்ப பாட்டி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "மர்கட்ராய்ட், லவ், மர்கட்ராய்ட்"னு ரெண்டு தடவ சொல்லிக் கொடுத்தாங்க. (இங்க யார்க்‌ஷயர்ல பஸ் டிரைவர்ல இருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாரும் நம்மள லவ்னுதான் கூப்பிடுவாங்க, அதுக்கு ஒண்ணும் அர்த்தம் இல்ல.) அப்புறம் உள்ள போய் ஒரு கவரை எடுத்துட்டு வந்து "இது உன்னோடது மிஸ்டர் சுப்பிரமணியன்"னாங்க. சுப்பிரமணியன் எங்கப்பா, அவர் ரிட்டயர் ஆகி திண்டுக்கல்ல வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருக்கார்னு சொன்னேன். அப்போ உன் குடும்பப் பேர் என்னன்னு கேட்டாங்க. அப்படி ஒண்ணு எங்களுக்கு கிடையாதுன்னேன். பேர் இல்லாம குடும்பம் எப்படின்னு அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே! ரோஷத்துல நான் திருப்பிக் கேட்டேன், சரி உங்க பேருக்கு என்ன அர்த்தம்? அவங்களுக்குத் தெரியல. "எங்க வீட்டுக்காரர் ஆளுங்க ஹாலிஃபாக்ஸ் பக்கம் வார்லி, அவ்வளவுதான் தெரியும்"னாங்க.

அன்னிக்கு ராத்திரி நெட்ல நோண்ட ஆரம்பிச்சதுதான், ஆகஸ்ட் பேங்க் ஹாலிடே லீவுக்கு ஸ்பெயின் போலாம்னு இருந்தது ஹாலிஃபாக்ஸ் போலாம்னு ஆயிடுச்சு. வித்யாவுக்கு கோவம்தான். லீட்ஸ்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரம் கூட ஆகாத ஊருக்கு யாராவது பெட்டி கட்டிட்டுப் போவாங்களான்னு கேட்டா. நியாயமான கேள்வி.

ரூம் எடுத்த இடத்துல வழக்கமான கூத்து. என் சர்நேம் எங்கப்பா பேர், அவ சர்நேம் அவங்கப்பா பேர், பையனோட சர்நேம் என் பேர். ஒரே குடும்பத்துல மூணு சர்நேம். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு மூணு பாஸ்போர்ட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விரிச்சு வச்சுட்டு எங்களையே பார்த்துட்டு இருந்தா. பாஸ்போர்ட் அப்ளை பண்றப்ப அந்தக் கட்டத்தை காலியா விடக்கூடாதுன்னு யாரோ சொல்லி, அப்பா பேரை எழுதி, அன்னில இருந்து நான் எங்கப்பாவா வாழ்ந்துட்டு இருக்கேன். பேரை வச்சது அப்பா, சர்நேமை வச்சது ஒரு ஃபாரம்.

சாயங்காலம் பீஸ் ஹால் பார்த்தோம். இது பத்தி யாருமே நம்மகிட்ட சொல்றதில்லை, ஆனா அப்படி ஒரு கட்டடம். 1779 ஜனவரி 1-ம் தேதி திறந்த துணிச் சந்தை. நடுவுல பெரிய முற்றம், நாலு பக்கமும் தூண் வச்ச தாழ்வாரம், மொத்தம் 315 ரூம். நம்ம திருமலை நாயக்கர் மகால்ல நாலு பக்கமும் வரிசையா கடை போட்ட மாதிரி இருக்கு. பீஸ்னா ஒரு தறித்துணி, சுமார் 30 கஜம். மலை மேல இருக்கற நெசவாளிங்க ஒரு வாரம் நெய்ததை கழுதை மேலயும் சொந்தத் தோள் மேலயும் போட்டு எடுத்துட்டு வந்து இங்க ரூம் புடிச்சு விப்பாங்க. மில்லு வந்ததும் இந்த யாவாரம் படுத்துடுச்சு, அப்புறம் பல வருஷம் காய்கறி மார்க்கெட்டா இருந்து, ரிப்பேர் பண்ணி 2017-ல திரும்பவும் திறந்திருக்காங்க. இப்போ காபி கடை, சோப்பு கடை, கச்சேரி.

அங்க இருந்து ஜிப்பெட் ஸ்ட்ரீட். ஜிப்பெட்னா தலை வெட்ற மேடை. ஃபிரெஞ்சுக்காரன் கில்லட்டின் கண்டுபிடிக்கறதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே இங்க அதே டிசைன்ல ஒரு மெஷின் இருந்திருக்கு. பதிமூணரை பென்ஸ் மதிப்புள்ள துணியைத் திருடினா போதும், தலை போயிடும். வெயில்ல காயப் போட்ட கம்பளித் துணியை ராத்திரில உருவிட்டுப் போறவன்தான் இந்த ஊருக்கு மகா பாவி. கடைசியா 1650-ல ரெண்டு பேரை வெட்டினதோட நிறுத்திட்டாங்க. இப்போ 1974-ல வச்ச ஒரு மாதிரி மெஷின் நிக்குது, அந்தத் தெருவுல நடந்தா பாகிஸ்தானி மளிகைக் கடையும் பிரியாணியும்தான். பையன் மெஷின் முன்னாடி கழுத்தைச் சாய்ச்சு போட்டோ எடுத்துக்கிட்டான், வித்யா திட்டினா.

இதை ஏன் சொல்றேன்னா, ஆட்டு மயிரும் துணியும் இல்லாம இந்தப் பக்கத்துல எந்தப் பேருக்கும் கதை கிடையாது. நாளைக்கு மலை ஏறணும். தூங்கறேன்.


நாள் 2, சனிக்கிழமை, வார்லி

காலைல கம்மியா சாப்பிடுங்கடான்னு சொல்லியும் கேக்காம பையன் மூணு சாசேஜ் உள்ள தள்ளிட்டான், அதை பாதி வழில அனுபவிச்சான். வார்லிங்கிறது ஹாலிஃபாக்ஸுக்கு மேற்க கொஞ்ச தூரத்துல மேட்டு மேல இருக்கற குக்கிராமம். கல் வீடு, கல் சுவர், கல் ரோடு, எல்லாம் புகை படிஞ்ச கருப்பு. ஒரு பப், அது வாசல்ல ஒரு நாய். அவ்வளவுதான்.

ஆனா 1371-ல இந்த வார்லிக்கு ஒரு கான்ஸ்டபிள் போட்டாங்க. இன்னைய போலீஸ்னு நெனச்சுக்காதீங்க, சம்பளம் இல்லாத ஊர்க்காவல், நம்மூர் தலையாரி வேலை மாதிரி. அந்த ஆள் பேர் ஜான். லத்தீன்ல எழுதி வச்சிருக்காங்க, மோர்கேட்ராய்ட்ல இருக்கற ஜான்னு. உலகத்துல இன்னிக்கு இருக்கற மர்கட்ராய்டுங்க எல்லாரும் இந்த இடத்துலதான் போய் முட்டிக்கிட்டு நிப்பாங்க.

பேரைப் பிரிச்சா மூணு துண்டு. மோர், கேட், ராய்ட்.

மோர் ஈஸி, மூர்தான். மரம் இல்லாத, காத்து அடிக்கற, ஈரம் ஊறின மேட்டுக்காடு. ஆகஸ்ட்ல அங்க ஹீத்தர் பூத்து, குறிஞ்சி பூத்த கொடைக்கானல் மாதிரி மொத்தமும் ஊதா. (வித்யா கோவம் இங்கதான் கொஞ்சம் குறைஞ்சது.) கேட்ல தான் நான் ஏமாந்தேன், படல், வாசக்கதவுன்னு நெனச்சேன். இல்ல. இங்க வடக்குல கேட்னா ரோடு. ஆயிரம் வருஷம் முன்னாடி டென்மார்க், நார்வே பக்கம் இருந்து வந்த வைக்கிங் ஆளுங்க கொண்டு வந்த வார்த்தை, அவங்க பாஷைல காட்டான்னா பாதை. லீட்ஸ்ல நான் தினம் நடக்கற பிரிக்கேட்டுக்கும் பாலத்துத் தெருன்னுதான் அர்த்தமாம், ரெண்டு வருஷமா அங்க எந்தக் கதவு இருந்துச்சோன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

மூணாவது துண்டுதான் சரக்கு. ராய்ட்.

இந்த வெஸ்ட் யார்க்‌ஷயரை விட்டு வெளிய போனா இந்த வார்த்தையே பெருசா கண்ல படாது. காட்டை வெட்டி, வேரைப் புடுங்கி, கல்லைப் பொறுக்கி, புதுசா உண்டாக்கின கொல்லைக்கு பழைய இங்கிலீஷ்ல ராட்னு ஒரு பேர். அது எப்படி ராய்ட் ஆச்சுன்னா, இந்த ஊர்க்காரங்க வாய்தான் காரணம். கோல்னு சொல்ல மாட்டாங்க, காய்ல்னுவாங்க. ஹோல்னா ஹாய்ல். பழைய ஆளுங்க கரி போடற குழியை காய்ல் ஹாய்ல்னு சொல்றதைக் கேட்டா சிரிப்பு வரும். அதே இழுப்புல அந்த ராட் ராய்ட் ஆயிடுச்சு. மதுரைக்காரரு எழுதின கணக்கும் நாகர்கோவில்காரர் எழுதின கணக்கும் ஒரே வார்த்தையா இருந்தாலும் எழுத்து மாறி இருக்குமே, அது மாதிரி கணக்குப்பிள்ளை காதுல விழுந்ததை அப்படியே எழுதிட்டான்.

1200, 1300 வருஷங்கள்ல இந்த மலைச்சரிவுல ஜனம் பெருகி, பள்ளத்துல நெலம் பத்தாம, மேல மேல காட்டை வெட்டிக்கிட்டே போயிருக்காங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பேர். ஓக் மரத்தை வெட்டினது அக்ராய்ட். குடிசை இருந்த கொல்லை பூத்ராய்ட். பழைய கொல்லை ஓல்ட்ராய்ட். பள்ளத்துல இருந்தது ஹோல்ராய்ட். அங்க குடியிருந்தவனுக்கு அதுவே பேர். இங்கிலாந்து பார்லிமென்ட் ஸ்பீக்கரா 1992-ல இருந்து 2000 வரைக்கும் இருந்தாங்களே பெட்டி பூத்ராய்ட், அந்த நாற்காலில உக்காந்த முதல் பொம்பளை, அவங்களும் இந்தப் பக்கத்து டியூஸ்பரிதான். ஹாலிஃபாக்ஸ்ல தொழிலாளிங்களுக்கு ஒரு முழு கிராமமே கட்டிக் கொடுத்து அதுக்கு அக்ராய்டன்னு பேர் வச்ச மில் முதலாளி எட்வர்ட் அக்ராய்டும் அந்த வகைதான், பேர்ல இருந்த கொல்லை திரும்ப ஊர் ஆயிடுச்சு.

இப்போ நீங்களே சொல்லுங்க, இதுக்கு தமிழ்ல என்ன வார்த்தை? நான் அந்த மேட்டுல மூச்சு வாங்கிட்டு உக்காந்தப்பதான் தோணுச்சு. புனம். மலைச்சரிவுல காட்டைத் திருத்தி தினை விதைச்ச நெலம். வள்ளி ஆலோலம் பாடி கிளி ஓட்டினாளே, அது. அங்க தானே முருகன் வயசான தாத்தா வேஷம் போட்டுட்டு வந்து நின்னான்? முருகட்ராய்டுன்னு என் காதுல விழுந்த பேருக்குள்ள நெஜமாவே ஒரு புனம் ஒளிஞ்சு இருக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடனே வாட்ஸ்அப்ல யாரும் கிளம்பிடாதீங்க, இங்கிலீஷ்காரன் முப்பாட்டன் முருகன்னு. முருகனுக்கும் இதுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது, வெறும் காது விளையாட்டு. ஆனா புனம் நெஜம். ஓக் புனம், பழம்புனம், பள்ளப்புனம், மேட்டுக்காட்டு வழிப்புனம். எவ்வளவு அழகா உக்காருது பாருங்க! வெட்டினதையே பேரா வச்சுக்கணும்னா நமக்கு காடுவெட்டின்னு ஊரே இருக்கே.

இன்னொரு கட்சியும் இருக்கு. மோர்கேட் இல்ல, மார்கரெட், அதாவது மார்கரெட்டோட கொல்லைன்னு சர்நேம் டிக்‌ஷனரி எழுதினவங்க சொல்லியிருக்காங்க. பொம்பளை பேர்ல பட்டா இருந்திருந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா இந்த மேட்டுல நின்னு பார்த்தா மேய்ச்சக்காட்டுக்குப் போற பாதை கண்ணு முன்னாடி தெரியுது. நான் மோர்கேட் கட்சி. உள்ளூர் வரலாறு தோண்டினவங்களும் இதுதான் சொல்றாங்க, அந்தக் கொல்லை இருந்த இடம் இப்போ ஹாலின்ஸ்ங்கிற பேர்ல இருக்குன்னும் சொல்றாங்க. ஹாலின்ஸ்னா ஹாலி மரம், கிறிஸ்மஸ் அட்டைல வருமே முள்ளு இலை. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஊர் தன் பேரை மாத்திக்கிச்சு, ஊரை விட்டுப் போன மனுஷங்க பழைய பேரைத் தூக்கிட்டு உலகம் பூரா சுத்தறாங்க. ஆஸ்திரேலியால ஒரு மர்கட்ராய்ட் கிட்ட போய் உங்க ஊர் எங்கன்னு கேட்டா இருக்காத ஒரு கொல்லை பேரைத்தான் சொல்லணும்.

சரி, ஜானுக்கு அந்தப் பேர் ஏன் ஒட்டிக்கிச்சு? ஊர்ல பத்து ஜான் இருப்பான், கூப்பிட ஒரு அடையாளம் வேணும், அது சரி. ஆனா அப்படிக் கூப்பிடற பேர் ஆளோட போயிடும், மகன் வேற கொல்லைக்குப் போனா வேற பேர். அது புள்ளைங்களுக்கும் பேரப்புள்ளைங்களுக்கும் இறங்க ஆரம்பிச்சது ஆபீஸ்காரங்க எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான். இந்த ஏரியா மொத்தமும் வேக்ஃபீல்ட் பண்ணைக்குக் கீழ. அந்தப் பண்ணைக் கோர்ட் சுருள் 1274-ல இருந்து இருக்கு. யாரோட மாடு யாரோட பயிரை மேஞ்சது, யார் விறகு திருடினான், யாருக்கு எந்த நெலம் கை மாறினது, எல்லாம் பேரோட. அதுக்கு மேல 1377, 1379, 1381-ன்னு மூணு தடவ தலைவரி. பணக்காரன் ஏழைன்னு பார்க்காம கடைசி தடவ தலைக்கு 12 பென்ஸ்னு போட்டதும் ஜனம் கொதிச்சு எழுந்து லண்டன் வரைக்கும் போய் ரகளை பண்ணாங்க. 1379 வரி லிஸ்ட் இந்த ஏரியாவுக்கு இன்னும் பத்திரமா இருக்கு, இங்க சர்நேம் தேடறவங்களுக்கு அதுதான் பைபிள். வரி வசூல் பண்ண வந்தவன் எழுதினதுதான் இன்னிக்கு குடும்பப் பெருமை.

எனக்கும் அந்த ஜானுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சேன். பெருசா ஒண்ணும் இல்ல. அவனையும் ஒரு ஃபாரம்தான் புடிச்சுது, சுமார் 650 வருஷம் முன்னாடி.

இறங்கறப்ப தூரத்துல வெயின்ஹவுஸ் டவர் தெரிஞ்சுது, சாயப்பட்டறைக்குப் புகைபோக்கியா ஆரம்பிச்சு அலங்கார கோபுரமா முடிஞ்ச விஷயம். உள்ள 403 படி. நல்லவேளை தினமும் திறக்கறதில்லை.


நாள் 3, ஞாயிறு, லடென்டன், மைதம்ராய்ட்

மழை. கால் வலி. ஞாயித்துக்கிழமை பஸ் வேற எப்பவாவது. சுருக்கமா எழுதறேன்.

லடென்டன் வார்லிக்கு அடுத்த பள்ளத்தாக்கு. ஜானோட வாரிசுங்க 1600-கள்ல இங்கதான் கொழிச்சிருக்காங்க. வெறும் விவசாயம் பண்ணி இந்த மண்ணுல ஒண்ணும் தேறாது, ஓட்ஸ் தவிர எதுவும் ஒழுங்கா வராது. அதனால வீட்டுக்கு வீடு தறி, வீட்டுக்கு ஒரு பசு, ரெண்டு ஏக்கர் கொல்லை. 1720-கள்ல இந்தப் பக்கம் வந்த டேனியல் டீஃபோ வீட்டுக்கு வீடு வாசல்ல துணி கட்டி காயப் போட்டிருந்ததைப் பார்த்து மலைச்சுப் போய் எழுதியிருக்கார். அந்தத் துணியை வாங்கி வித்த ஆளுங்கதான் பெரிய கல் வீடுங்களா கட்டிக்கிட்டாங்க. கெர்ஷா ஹவுஸ்னு ஒண்ணு ரோட்டோரமா நிக்குது, அது மர்கட்ராய்ட் வீடு. மேல ஓட்ஸ் ராய்ட்னு (பாருங்க, திரும்பவும் புனம்) ஒரு பெரிய மில், அதுவும் ஜான் மர்கட்ராய்டுங்கிற இன்னொரு ஆள் 1847-ல ஆரம்பிச்சது. ஜான் பேர் அந்தக் குடும்பத்துல தீரவே தீராது போல.

குடையைப் புடிச்சுக்கிட்டு பையன் கேட்டான், அப்போ எல்லா மர்கட்ராய்டும் சொந்தக்காரங்களா? நல்ல கேள்விடா. ஸ்மித் மாதிரி பேருன்னா இல்ல, ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், ஊருக்கு ஒரு ஸ்மித். ஆனா ஒரே ஒரு கொல்லையில இருந்து வந்த பேருன்னா பெரும்பாலும் ஆமா, பங்காளிங்கதான். இதை பிரையன் சைக்ஸ்னு ஆக்ஸ்ஃபர்ட் ஜெனெட்டிக்ஸ் புரொஃபசர் தன் சொந்தப் பேர்லயே டெஸ்ட் பண்ணியிருக்கார். சைக்ஸும் யார்க்‌ஷயர் பேர்தான், சைக்னா ஓடை. சொந்தமே இல்லாதவங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்த 48 சைக்ஸ் ஆம்பளைங்க கிட்ட டிஎன்ஏ வாங்கி ஒய் குரோமோசோமைப் பார்த்தா கிட்டத்தட்ட பாதி பேருக்கு ஒரே மாதிரி இருந்துச்சு, 2000-ல பப்ளிஷ் ஆச்சு. அதாவது அந்தப் பாதி பேருக்கும் ஒரே பாட்டன். மீதிப் பாதி? தத்து எடுத்தது, பொண்ணு வழில பேர் வந்தது, அப்புறம் ஊருக்குத் தெரியாத சமாச்சாரம். பையனுக்கு முதல் ரெண்டு காரணத்தோட நிறுத்திக்கிட்டேன்.

நமக்கு சர்நேம் இல்லன்னு பாட்டிகிட்ட அன்னிக்கு சொன்னேனே, இப்போ யோசிச்சா நம்மகிட்ட இருக்கறது குலதெய்வம். எங்க அப்பாவுக்கு பூர்வீக ஊர்ல நெலமும் இல்ல வீடும் இல்ல, ஆனா பையனுக்கு மொட்டை போட பஸ்ஸு மாறி பஸ்ஸு புடிச்சு ஒரு பொட்டக்காட்டுல இருக்கற கல்லு முன்னாடி போய் நின்னோம், அங்க வந்தவங்க எல்லாரும் பங்காளி. மர்கட்ராய்டுங்க ஊரை பேர்ல கட்டித் தூக்கிட்டுப் போறாங்க, நாம ஊரை அங்கயே விட்டுட்டு வருஷத்துக்கு ஒரு தடவ போய் பொங்கல் வைக்கிறோம்.

மைதம்ராய்ட் மழைலயே பார்த்தாச்சு. எழுதறது ஒரு மாதிரி, சொல்றது வேற மாதிரி, பேரைப் பார்த்து மைதோல்ம்ராய்ட்னு டிக்கெட் கேட்டா சிரிப்பாங்க. ரெண்டு தண்ணி கூடற எடத்துல இருந்த புனம்னு அர்த்தம், அது நெஜம்தான், மேல இருந்து வர்ற ஓடையும் கால்டர் ஆறும் ஊருக்குள்ளதான் சேருது, அதனாலயே 2015 கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஊரே மூழ்கிடுச்சு. கவிஞர் டெட் ஹியூஸ் பொறந்த வீடு இங்கதான். வெளிய நின்னு பார்த்துட்டு, சொட்டச் சொட்ட நனைஞ்சு, ஸ்டேஷன்ல சிப்ஸ் சாப்பிட்டோம்.


நாள் 4, திங்கள், ஈஸ்ட் ரிடில்ஸ்டன்

இன்னிக்கு வெயில். நேத்து இதை அனுப்பியிருக்கலாம் கடவுள்.

கீத்லிங்கிற டவுனுக்கு வெளிய இருக்கு இந்த மாளிகை. எழுதறது கெய்லின்னு வரும், சொல்றது கீத்லி, எனக்கு இந்த ஊர்க்காரங்க மேல நம்பிக்கையே போயிடுச்சு. ஜேம்ஸ் மர்கட்ராய்டுன்னு ஹாலிஃபாக்ஸ் துணி வியாபாரி, கொல்லைக்காரன் ஜானோட வம்சம், 1630-கள் கடைசில இந்தப் பண்ணையை வாங்கி 1640-கள்ல பெருசா இழுத்துக் கட்டினார். தலையாரில இருந்து ஜமீன் வரைக்கும் வர 270 வருஷம் ஆகியிருக்கு. வாசல் மேல சக்கரம் மாதிரி ஒரு வட்ட ஜன்னல், ஹாலிஃபாக்ஸ் பக்கத்து பெரிய வீடுங்கள்ல இருக்கற அதே டிசைன். வேற பள்ளத்தாக்குக்கு வந்தும் ஆள் தன் ஊர் பாணியை விடல, அமெரிக்கால வீடு வாங்கிட்டு வாசல்ல கோலம் போட இடம் தேடற நம்மாளு மாதிரி.

அப்போ உள்நாட்டுச் சண்டை, ராஜா ஒரு பக்கம் பார்லிமென்ட் ஒரு பக்கம். ஹாலிஃபாக்ஸ், பிராட்ஃபோர்ட் துணிக்காரங்க பெரும்பாலும் பார்லிமென்ட் பக்கம். ஜேம்ஸ் ராஜா கட்சி. சும்மா இருக்கல, வெளிக்கட்டடத்து மேல ராஜா முதலாம் சார்லஸ் தலையும் ராணி ஹென்ரியட்டா தலையும் கல்லுல செதுக்கி ராஜா வாழ்கன்னு ஃபிரெஞ்சுல எழுதி வச்சுட்டார். 1649-ல ராஜா தலையையே வெட்டிட்டாங்க. ஜேம்ஸ் 1653-ல செத்துப் போனார். கல்லுல இருக்கற தலை மட்டும் இன்னும் அங்கயே. நம்ம ஊர்ல கட்சிக்கொடி பெயின்ட் அடிச்ச கம்பவுண்ட் சுவர் ஞாபகம் வந்துச்சு, ஆட்சி மாறினதும் வெள்ளை அடிச்சுடுவாங்க, கல்லுல அது முடியாதே.

அவருக்கு அப்புறம் வந்த பசங்க மோசம்னு ஊரே சொல்லுது. குடி, கடன், கோர்ட்டு, சண்டை. எவ்வளவு மோசம்னா, வீட்டுக்குக் கீழ ஓடற ஏர் ஆறு இவங்க அட்டகாசம் பொறுக்காம வெக்கப்பட்டு தன் பாதையையே மாத்திக்கிட்டு தள்ளிப் போயிடுச்சாம். நான் கேட்ட குடும்பக் கதைங்கள்லயே எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். ஆத்துக்கு பயந்து ஊர் மாறினதை கேட்டிருக்கோம், ஆளுங்களுக்கு பயந்து ஆறு மாறினதை கேட்டதுண்டா? கொஞ்ச நாள்லயே மாளிகை ஸ்டார்க்கின்னு வேற குடும்பத்துக்குப் போயிடுச்சு. அவங்க கட்டின பக்கத்துல இப்போ முன் சுவர் மட்டும் ஷூட்டிங் செட்டு மாதிரி நிக்குது, பின்னாடி ஒண்ணுமே இல்ல, ஜன்னல் வழியா ஆகாசம். 1934-ல இருந்து நேஷனல் டிரஸ்ட் கையில இருக்கு. சாம்பல் கலர் டிரஸ் போட்ட பேய் ஒண்ணும் இருக்காம், பையன் மாளிகை பூரா தேடினான், கிடைக்கல. ஆனா தானியக் களஞ்சியம் மட்டும் தவற விடாதீங்க, அவ்வளவு பெரிய உத்தரங்களை நான் தமிழ்நாட்டுல கோயில் தேர்ல கூட பார்த்ததில்லை.

டீ குடிக்கறப்ப அங்க இருந்த வாலன்டியர் தாத்தாகிட்ட பேர் தேடி வந்த கதையைச் சொன்னேன். அவர் பட்டுனு சிங்கம் மாதிரி குரலை மாத்தி ஒரு டயலாக் விட்டார். நான் முழிச்சேன். அது பழைய அமெரிக்க கார்ட்டூன்ல வர்ற ஒரு பிங்க் கலர் மலைச்சிங்கம், ஆச்சரியம் வந்தா "ஹெவன்ஸ் டு மர்கட்ராய்ட்"னு சொல்லும், நம்ம அடி ஆத்தீ மாதிரி. மர்கட்ராய்டுன்னு சொன்னாலே பாதி உலகத்துக்கு அந்தச் சிங்கம்தான் ஞாபகம் வருமாம். அதுக்கு முன்னாடி 1887-ல கில்பர்ட்டும் சல்லிவனும் போட்ட ருடிகோர் ஓபராலயும் வில்லன் குடும்பத்துக்கு இதே பேர், தினமும் ஒரு குத்தம் பண்ணலேன்னா துடிச்சு சாகணும்னு சாபம் வாங்கின குடும்பம். ஏன் எல்லாரும் இந்தப் பேரையே புடிக்கிறாங்கன்னா, லண்டன்காரன் காதுக்கு இது பட்டிக்காட்டுப் பேர், உருட்டிச் சொன்னா சிரிப்பு வரும். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சு. கல்லும் வேரும் புடுங்கி உண்டாக்கின நெலம்யா அது.


செவ்வாய் ராத்திரி, லீட்ஸ்

லீவு முடிஞ்சு ஆபீஸ் போயிட்டு வந்து, பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினோம். வித்யா கொஞ்சம் முறுக்கு எடுத்துக்கிட்டா. போன்ல வார்லி போட்டோ, வட்ட ஜன்னல், கல்லுல ராஜா தலை எல்லாம் காட்டி, மோர் கேட் ராய்ட் பிரிச்சுச் சொல்லி, ஆறு ஓடிப்போன கதையும் சொன்னேன். பாட்டிக்கு அந்தக் கதை ரொம்பப் புடிச்சுப் போச்சு. "எங்க வீட்டுக்காரர் ஷெட்டுல பைப்பு வாசிப்பார், ஆறு என்ன, நானே ஓடலாம்னு நெனச்சிருக்கேன்"னாங்க.

அப்புறம் முறுக்கைக் கடிச்சுக்கிட்டே சொன்னாங்க, "ஆனா லவ், அது அவர் பேர்தானே. கல்யாணம் பண்ணி வாங்கினது. நான் பொறந்தது கிரீன்வுட்."

வித்யா என்னைப் பார்த்தா. நான் அவளைப் பார்க்கல. கிரீன்வுட்டும் அதே கால்டர் பள்ளத்தாக்குப் பேர்தான், ஹெப்டன்ஸ்டால்னு மைதம்ராய்டுக்கு அடுத்த மேட்டுல இருக்கற ஊர், ஞாயித்துக்கிழமை மழைன்னு ஏறாம விட்டது. அக்டோபர்ல ஸ்கூல் லீவு எப்போன்னு பையன்கிட்ட கேட்டேன், வித்யா ஸ்பெயின்னா.